குழாயும் குழாயிலும்: பகுதிவாசிகளுக்காக ஒரு தளம் கட்டிய பதிவு

எங்கள் பகுதியில் குடியிருப்போருக்கென்று கைப்பேசியில் ஒரு செய்திக் குழு ஆறு ஆண்டுகளாக இயங்கி வருகிறது. தெருவிளக்கு எரியாவிட்டால் யாரிடம் புகார் கொடுப்பது, குழாயில் தண்ணீர் கலங்கலாக வந்தால் முதலில் எதைப் பார்ப்பது என்பன போன்ற கேள்விகள் அதில் மாதம் தவறாமல் வரும். விவரம் தெரிந்த நாலைந்து பேர் மாதம் தவறாமல் அதே பதிலை எழுதுவார்கள். எழுதிய இரண்டாம் நாளே அந்தப் பதில் காலை வணக்கப் படங்களுக்கு அடியில் புதைந்துவிடும். ஒருமுறை சொன்ன பதில் அடுத்த முறை தேடுகிறவர் கைக்கு எட்ட வேண்டும் என்ற ஒரே தேவைக்காகத்தான் கட்டற்ற மென்பொருளைக் கொண்டு சொந்தமாக ஒரு தளம் அமைக்கலாம் என்று முடிவெடுத்தோம். நிறுவும் வேலை என் தலையில் விழுந்தது. ஒரு வார இறுதியில் முடியும் என்று நினைத்தேன்; நான்கு மாதம் ஆயிற்று.

மென்பொருள் தேர்வில், விவாதத் தளம் அமைக்க உதவும் ஃபிளாரமும் டிஸ்கோர்ஸும் கடைசிவரை போட்டியில் இருந்தன. ஃபிளாரம் பிஎச்பி என்ற நிரல்மொழியில் எழுதப்பட்டது. மைஎஸ்கியூஎல் தரவுத்தளம் ஒன்று இருந்தால் பலர் ஒரே சர்வரைப் பகிர்ந்துகொள்ளும் சாதாரண ஹோஸ்டிங்கிலேயே ஓடும். 2013இல் வெளிவந்த டிஸ்கோர்ஸ் அதைவிடக் கனமானது: ரூபி ஆன் ரெயில்ஸ் என்ற நிரல் சட்டகம், போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம், ரெடிஸ் என்ற விரைவுச் சேமிப்பு ஆகிய மூன்றையும் டாக்கர் கன்டெய்னர் எனப்படும் தனித்த பெட்டி ஒன்றுக்குள் அடைத்து நிறுவ வேண்டும். எளிமையை மட்டும் பார்த்திருந்தால் ஃபிளாரம்தான். ஆனால் எங்கள் ஆட்களில் பாதிப்பேர் தினமும் தளத்துக்கு வந்து பார்க்கக்கூடியவர்கள் அல்லர். புதிய பதிவு வந்தால் மின்னஞ்சல் போக வேண்டும், அந்த மின்னஞ்சலுக்கே அவர்கள் பதில் எழுதினால் அது தளத்தில் ஏற வேண்டும். இந்த வசதியும், முழுத் தளத்தையும் ஒரே கோப்பாகப் பேக்கப் எடுக்கும் வசதியும் டிஸ்கோர்ஸில் கூடவே வருவதால் அதைத் தேர்ந்தெடுத்தேன்.

முதலில் 1 ஜிபி ரேம் உள்ள சர்வரில் முயன்றேன். ஆவணத்தில் சொல்லியிருந்த ஸ்வாப் இடத்தை (ரேம் போதாதபோது வட்டில் கடன் வாங்கும் இடம்) ஒதுக்க மறந்துவிட்டதால், கன்டெய்னரைக் கட்டும்போது ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகளைத் தொகுக்கும் கட்டத்தில் வேலை பாதியில் நின்று, திரையில் 137 என்ற பிழை எண் மட்டும் மிஞ்சியது. 137 என்பது 128ஐயும் 9ஐயும் கூட்டி வருவது. 9 என்பது லினக்ஸில் ஒரு நிரலைக் கட்டாயமாகக் கொல்லும் சமிக்ஞை. அதாவது நினைவகம் போதாமல் இயக்குதளத்தின் மையமான கெர்னலே நிரலை நிறுத்தியிருக்கிறது. 2 ஜிபி ரேமுக்கு மாறி, 2 ஜிபி ஸ்வாப்பும் ஒதுக்கிய பிறகு அந்தத் தொல்லை வரவில்லை.

அடுத்தது முழுக்க என் அவசரத்தால் வந்த கோளாறு. ஏதாவது தவறினால் சர்வரையே அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவது எனக்குப் பழக்கம். ஒவ்வொரு முறையும் நிறுவல் நிரல், சான்றிதழ்களை இலவசமாக வழங்கும் லெட்ஸ் என்கிரிப்டிடம், பாதுகாப்பான இணைப்புக்கு வேண்டிய புதிய எச்டிடிபிஎஸ் சான்றிதழ் கேட்கும். ஒரே டொமைன் பெயருக்கு ஏழு நாளில் 5 சான்றிதழ்களுக்கு மேல் தரமாட்டார்கள் என்பது ஆறாவது முறை மறுக்கப்பட்டபோதுதான் தெரிந்தது. உண்மையில் சான்றிதழ் கன்டெய்னருக்கு வெளியே, சர்வரின் பொதுக் கோப்புறையில் இருக்கிறது. கன்டெய்னரை மட்டும் எத்தனை முறை திரும்பக் கட்டினாலும் அது அப்படியே நிற்கும். சர்வரை அழித்திருக்கவே தேவையில்லை.

மின்னஞ்சலுக்குத்தான் மூன்று வாரம் பிடித்தது. டிஸ்கோர்ஸில் கணக்குத் தொடங்குகிறவருக்கு உறுதிப்படுத்தும் மடல் போய்ச் சேராவிட்டால் அவர் உள்ளே வர முடியாது. முதல் நிர்வாகியான எனக்கும் அதே விதிதான். சர்வர் வாடகைக்கு விடும் நிறுவனங்கள் பல, ஸ்பேமுக்கு அஞ்சி, மடல்கள் செல்லும் வாசலான 25ஆம் போர்ட்டை வெளியே போகவிடாமல் அடைத்து வைத்திருக்கின்றன. ஆகவே மடல்களை அனுப்பித்தரும் சேவை ஒன்றில் கணக்குத் தொடங்கி 587ஆம் போர்ட் வழியாக அனுப்ப ஏற்பாடு செய்தேன். கடவுச்சொல் தவறு என்று அந்தச் சேவை திரும்பத் திரும்பச் சொன்னது. கடவுச்சொல்லை நகலெடுத்து ஒட்டியிருந்தேன். எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டும் பார்த்தேன், சரியாகவே இருந்தது. மறுநாள் காலையில்தான் கண்ணில் பட்டது: சேவை உருவாக்கித் தந்த அந்தக் கடவுச்சொல்லின் முதல் எழுத்தே # குறி. டிஸ்கோர்ஸின் அமைப்புக் கோப்பு யாமல் என்ற எளிய உரை வடிவில் இருப்பது. யாமலில் இடைவெளிக்குப் பின் # வந்தால் அந்த வரியின் எஞ்சிய பகுதி வெறும் குறிப்புரையாகக் கொள்ளப்படும். ஆகவே எங்கள் தளம் மூன்று நாளாக வெற்றுக் கடவுச்சொல்லை நீட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. இரண்டு பக்கமும் மேற்கோள் குறி போட்டதும் மடல் போனது.

இந்த மூன்று நாளில் இன்னொன்றும் வீணாயிற்று. அமைப்புக் கோப்பில் எதை மாற்றினாலும் கன்டெய்னரை முழுவதுமாகத் திரும்பக் கட்ட வேண்டும் என்று எண்ணி, ஒவ்வொரு திருத்தத்துக்கும் பத்து நிமிடம் காத்திருந்தேன். மின்னஞ்சல் முகவரி, கடவுச்சொல் போன்ற சூழல் மாறிகளை (கன்டெய்னர் தொடங்கும்போது படிக்கும் மதிப்புகளை) மட்டும் மாற்றும்போது, ஓடும் கன்டெய்னரை நீக்கிவிட்டு இருக்கும் கட்டுமானத்திலிருந்தே திரும்பத் தொடங்கினால் போதும். ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

மடல் போகிறது என்பதும் போய்ச் சேருகிறது என்பதும் வேறு வேறு. முதல் இருபது பேரை அழைத்த அன்று மாலை, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டு, “தம்பி, நீங்கள் சொன்ன கடிதம் எனக்கு வரவே இல்லையே” என்றார். “ஐயா, ஸ்பேம் பெட்டியைக் கொஞ்சம் பார்க்கிறீர்களா?” என்றேன். அங்கேதான் இருந்தது. நேரில் போய் அவர் கணினியில் அந்த மடலின் முழுத் தலைப்பகுதியைத் திறந்து பார்த்தேன். எஸ்பிஎஃப் தேறியது, டிகேஐஎம் தேறியது, டிமார்க் தவறியது என்று அடுத்தடுத்து மூன்று விடைகள் எழுதியிருந்தன. முதல் இரண்டும் தேறிய பிறகு மூன்றாவது எப்படித் தவறும் என்பது எனக்கு உடனே விளங்கவில்லை.

எஸ்பிஎஃப் என்பது எந்தச் சர்வர்கள் ஒரு டொமைனின் பெயரால் மடல் அனுப்பலாம் என்று, டொமைன் பெயர்களின் பொதுப் பதிவேடான டிஎன்எஸில் வெளியிடும் பட்டியல். டிகேஐஎம் என்பது மடலின் மேல் போடப்படும் டிஜிட்டல் கையொப்பம். டிமார்க் இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு கூடுதலாக ஒரு கேள்வி கேட்கிறது: தேறிய டொமைனும், மடலில் அனுப்புநராகக் காட்டப்படும் டொமைனும் ஒன்றுதானா? எங்கள் மடல்களில் அனுப்புநர் எங்கள் டொமைன். பட்டியலும் கையொப்பமும் அனுப்பித்தரும் சேவையின் டொமைனுடையவை. வேறொருவர் அடையாள அட்டையைக் காட்டி உள்ளே நுழைய முயல்வது போலத்தான் இது. இதில் என் பங்கும் உண்டு. ஏதோ ஒரு வழிகாட்டியைப் பார்த்து, டிமார்க் தவறினால் மடலை ஒதுக்கி வைக்கும்படி எங்கள் டிஎன்எஸிலேயே நான்தான் எழுதி வைத்திருந்தேன். பெறுகிற சர்வர் நான் சொன்னதைச் செய்திருக்கிறது, அவ்வளவுதான். சேவையின் அமைப்புப் பக்கத்தில் கொடுத்திருந்த பெயர்ப் பதிவுகளை எங்கள் டிஎன்எஸில் சேர்த்து, கையொப்பம் எங்கள் டொமைனிலேயே விழும்படி மாற்றியதும் மூன்றும் தேறின. 2024 பிப்ரவரி முதல் கூகுள், ஜிமெயிலுக்கு மடல் அனுப்பும் எவருக்கும் எஸ்பிஎஃபோ டிகேஐஎம்மோ ஒன்றாவது கட்டாயம் என்றும், ஒரு நாளில் 5,000 மடல்களுக்கு மேல் அனுப்புவோருக்கு டிமார்க் உட்பட மூன்றுமே கட்டாயம் என்றும் ஆக்கிவிட்டது. சிறிய தளம்தானே என்று இதைத் தள்ளிப்போடுவதில் பொருளில்லை.

தளம் எழுந்து நின்ற பின் அதில் தமிழ் எழுதத் தொடங்கியதும் வேறு வகைச் சிக்கல்கள் தலைகாட்டின. டிஸ்கோர்ஸின் இயல்பு அமைப்பில் ஒரு பதிவுக்குக் குறைந்தது 20 எழுத்துகள் வேண்டும், தலைப்புக்கு 15. எழுத்து என்பதற்கு இங்கே யூனிக்கோடு குறி, அதாவது கணினியில் எழுத்துகளைக் குறிக்கும் பொதுக் குறியீட்டு முறையின் ஓர் அலகு என்று பொருள். “மிக்க நன்றி ஐயா” என்பதில் புள்ளியையும் உயிர்மெய்க் குறிகளையும் இடைவெளிகளையும் தனித்தனியே எண்ணினாலும் 15தான் வரும், பதிவு மறுக்கப்பட்டுவிடும். நன்றி சொல்வதற்குப் பதில் விருப்பக் குறியை அழுத்தட்டும் என்பது உருவாக்கியவர்களின் எண்ணம். பெரியவர் ஒருவருக்குக் குறியை அழுத்திவிட்டுப் போவது மரியாதையாக இல்லை என்று எங்கள் ஆட்கள் நினைத்தார்கள். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. வரம்பை 5 ஆகக் குறைத்தேன்.

இணைய முகவரி விஷயத்தில் எதிர்த்திசையில் போய் முட்டிக்கொண்டேன். ஒவ்வொரு தலைப்பிலிருந்தும் முகவரியின் ஒரு பகுதியைத் தளம் தானே உருவாக்கும். இயல்பு அமைப்பில் தமிழ்த் தலைப்புகள் அங்கே இடம்பெறா. தமிழிலேயே முகவரி இருந்தால் நன்றாக இருக்குமே என்று அதை மாற்றினேன். உலாவியின் மேற்பட்டையில் அழகாகத் தெரிந்தது; செய்திக் குழுவில் ஒட்டியபோது சதவீதக் குறிகளும் எண்களுமாக நாலு வரி நீண்டது. யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட். முகவரியில் ஒவ்வொரு பைட்டும் 3 எழுத்தாக விரியும். “தண்ணீர்” என்ற ஒரு சொல்லில் 7 குறிகள் இருப்பதால் அதுவே 63 எழுத்தாகிவிடுகிறது. அப்படியொரு முகவரியை அழுத்தத் தயங்கி இருவர் என்னிடமே கேட்டார்கள், இது வைரஸா என்று. பழைய அமைப்புக்கே திரும்பினேன். பதிவின் வரிசை எண் மட்டும் முகவரியில் இருந்தாலே தளம் சரியான பக்கத்தைக் கொடுத்துவிடும். எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழைச் சேர்த்து வரி உயரத்தைச் சற்றுக் கூட்டியதோடு அந்த வேலை முடிந்தது.

செய்திக் குழுவில் ஆண்டுக்கணக்கில் சேர்ந்திருந்த கேள்வி பதில்களில் பயனுள்ளவற்றைத் தொகுத்து, எழுதியவர்களிடம் ஒப்புதல் வாங்கி, தொலைபேசி எண்களை நீக்கி ஒரு அட்டவணையாக வைத்திருந்தோம். மொத்தம் 340 பதிவுகள். அவற்றை ஏற்ற ஒரு சிறிய பைத்தான் நிரல் எழுதினேன். நிரல்கள் தளத்தோடு பேசப் பயன்படும் ஏபிஐ சாவி நிர்வாகியுடையதே ஆனாலும் நிமிடத்துக்கு 60 கோரிக்கைகள்தான் என்ற வரம்பில் முட்டி அது நின்றது. ஒவ்வொன்றுக்கும் இடையில் இரண்டு விநாடி ஓய்வு கொடுத்துச் சமாளித்தேன். அதைவிடச் சுவையானது குறிச்சொற்களின் பட்டியல். ஏற்றுவதற்கு முன் அச்சிட்டுப் பார்த்தபோது “கொசு” என்ற சொல் இரண்டு முறை வந்திருந்தது. கண்ணுக்கு ஒரு வேறுபாடும் தெரியவில்லை. நீளத்தை அளக்கச் சொன்னேன்: ஒன்று 4, மற்றொன்று 5. யூனிக்கோட்டில் ஒகரக் குறிக்கென்று தனியே ஒரு குறி உண்டு. எகரக் கொம்பையும் காலையும் அடுத்தடுத்து வைத்தாலும் திரையில் அதே உருவம் வரும். யாரோ எங்கிருந்தோ நகலெடுத்த பகுதி இரண்டாவது வகையில் இருந்திருக்கிறது. மனிதருக்கு ஒரே சொல், கணினிக்கு இரண்டு. ஏற்றும் முன் எல்லா உரையையும், இப்படிப் பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் யூனிக்கோட்டின் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றும் ஒரு வரியை நிரலில் சேர்த்ததும் இரண்டும் ஒன்றாயின. காலுக்குப் பதில் ‘ர’ எழுத்தைத் தட்டியிருந்த இடங்களை அந்த வரியால் திருத்த முடியாது. அவற்றைக் கையால்தான் தேடித் திருத்தினேன்.

இவ்வளவும் முடிந்து, தளம் கட்டியதன் நோக்கமான தேடலுக்கு வந்தேன். தேடு பெட்டியில் “குழாய்” என்று தட்டினேன். மூன்று விடைகள் வந்தன. குழாய் பற்றி மட்டும் முப்பதுக்கு மேல் பதிவுகளை நானே ஏற்றியிருந்தேன்.

டிஸ்கோர்ஸ் தேடலுக்குப் போஸ்ட்கிரெஸின் முழு உரைத் தேடலைப் பயன்படுத்துகிறது. ஆங்கில இடைமுகத்தோடு நிறுவியிருந்ததால் தேடலும் ஆங்கில அமைப்பிலேயே ஓடியது. ஆங்கிலச் சொற்களின் விகுதிகளைக் கழற்றத் தெரிந்த அது தமிழ்ச் சொல்லை வந்தபடியே எடுத்துக்கொள்ளும். தட்டிய சொல்லில் தொடங்கும் நீண்ட சொற்களையும் அது சேர்த்துத் தேடும் என்பதால் “குழாய்” என்று தேடினால் “குழாயில்” கிடைத்துவிடும் என்று நம்பியிருந்தேன். இரண்டையும் குறி குறியாகப் பிரித்து ஒரு தாளில் எழுதியபோதுதான் விஷயம் புலப்பட்டது. “குழாய்” முடிவது யகரத்தின் மேல் உள்ள புள்ளியில். “குழாயில்”, “குழாயை”, “குழாயடி” ஆகியவற்றில் அந்த இடத்தில் புள்ளி இல்லை. இகரக் குறியோ ஐகாரக் குறியோ அடுத்த எழுத்தோ இருக்கிறது. ஆகவே கணினியைப் பொறுத்தவரை “குழாயில்” என்பது “குழாய்” என்று தொடங்கும் சொல்லே அல்ல. “நாய்” என்று தேடினால் “நாய்கள்” வரும், “நாயை” வராது. “தெருவிளக்கு” என்றால் “தெருவிளக்குகள்” வரும், “தெருவிளக்கில்” வராது. மகர ஈற்றுச் சொற்களில் இன்னும் மோசம்: “மரம்” வேற்றுமை ஏற்கும்போது “மரத்தை” என்று வடிவமே மாறிவிடுகிறது. தமிழில் பெயர்ச்சொல் வேற்றுமை உருபு ஏற்காமல் வரும் இடங்களைவிட ஏற்று வரும் இடங்களே அதிகம் என்பதை நினைத்தால், முப்பதில் மூன்று கிடைத்ததில் வியப்பில்லை.

போஸ்ட்கிரெஸில் 2019இல் வந்த 12ஆம் பதிப்பு முதல் ஸ்னோபால் நிரலகத்தின், விகுதிகளைக் கழற்றிச் சொல்லின் அடியை எடுக்கும் தமிழ்ச் சொல்லடிப் பிரிப்பான் சேர்க்கப்பட்டிருக்கிறது. எங்கள் சர்வரிலும் அது இருந்தது. ஆனால் தளத்தின் தேடலை அதன் பக்கம் திருப்ப மூல நிரலில் கைவைக்க வேண்டும். இரண்டு இரவுகள் அதோடு மல்லுக்கட்டிவிட்டுக் கைவிட்டேன். நிரலை மாற்றியிருக்க முடியாது என்பதல்ல; ஒவ்வொரு மேம்படுத்தலின்போதும் அந்தத் திருத்தத்தைத் திரும்பப் பொருத்த நான் இருந்தாக வேண்டும். நான் வேறு ஊருக்குப் போய்விட்டால் தளத்தைப் பார்த்துக்கொள்பவர் அந்தத் திருத்தம் எதற்கென்று அறியாமல் மேம்படுத்துவார். தேடல் சத்தமில்லாமல் பழைய நிலைக்குப் போய்விடும். ஆகவே மலிவான வழிக்கு இறங்கினேன். நிர்வாகப் பகுதியில் தளத்தின் வாசகங்களை மாற்றிக்கொள்ளலாம் என்பதால், தேடல் பக்கத்தில் “கடைசிப் புள்ளியையும் குறியையும் விட்டுவிட்டுத் தேடுங்கள்: குழாய, நாய, தெருவிளக்க” என்று எழுதி வைத்தேன். “குழாய” என்று தட்டியதும் முப்பத்தொரு விடைகள் வந்தன.

புகைப்படக் கட்டுப்பாடு பற்றியும் ஒரு வார்த்தை. டிஸ்கோர்ஸ் ஒவ்வொரு உறுப்பினருக்கும் 0 முதல் 4 வரை ஒரு நம்பிக்கை நிலை வைத்திருக்கிறது. 5 தலைப்புகளுக்குள் சென்று, 30 பதிவுகளைப் படித்து, மொத்தம் 10 நிமிடம் தளத்தில் செலவிட்டவர் 1ஆம் நிலைக்குத் தானாக உயர்வார். 0 நிலையில் உள்ளவர் ஒரு பதிவில் ஒரு படம்தான் இடலாம். சாய்ந்த மின்கம்பத்தை மூன்று கோணங்களில் படமெடுத்து வந்த ஒரு அக்காவைத் தளம் திருப்பி அனுப்பியது. அவர் படங்களைச் செய்திக் குழுவிலேயே போட்டுவிட்டார். அழைப்பின் பேரில் மட்டுமே உள்ளே வரக்கூடிய தளத்துக்கு அந்தக் கெடுபிடி வேண்டாம் என்று வரம்பை 4 ஆக்கினேன்.

பேக்கப் எடுப்பது எளிது, தானாகவே நடக்கும். ஆனால் இயல்பு அமைப்பில் கோப்பு அதே சர்வரின் வட்டிலேயே சேமிக்கப்படுகிறது. வட்டு போனால் இரண்டும் போய்விடும். வாரம் ஒருமுறை அதை வேறிடத்துக்கு நகலெடுக்கும் ஏற்பாட்டைச் செய்துவிட்டு, அந்தக் கோப்பிலிருந்து இன்னொரு சர்வரில் தளத்தை மீட்டெடுத்தும் பார்த்தேன். அமைப்பு விவரங்கள் உள்ள அந்த யாமல் கோப்பு பேக்கப்பில் சேராது என்பது அப்போதுதான் தெரிந்தது. இப்போது அதையும் தனியே வைத்திருக்கிறேன். மீட்டெடுத்த தளம் நிர்வாகிகள் தவிர மற்றவர்களுக்கு மின்னஞ்சல் அனுப்புவதைத் தானே நிறுத்திக்கொள்கிறது. சோதனைத் தளத்திலிருந்து உண்மையான உறுப்பினர்களுக்கு மடல் பறந்துவிடக் கூடாது என்பதற்கான நல்ல ஏற்பாடு. நான்காம் மாதம் உண்மையிலேயே வேறு சர்வருக்கு இடம் மாறியபோது அதைத் திரும்ப இயக்க மறந்துவிட்டு, இரண்டு நாளாக ஏன் ஒருவரும் பதில் எழுதவில்லை என்று யோசித்துக்கொண்டிருந்தேன். நிர்வாகியான எனக்கு மட்டும் மடல்கள் ஒழுங்காக வந்துகொண்டிருந்தன.

இப்போது ஞாயிறுதோறும் நிர்வாகப் பகுதியில் உள்ள தேடல் பதிவேட்டைத் திறந்து, யார் என்றில்லாமல் எந்தச் சொற்கள் தேடப்பட்டன, அவற்றில் எதற்கு ஒருவரும் எந்த விடையையும் அழுத்தவில்லை என்று பார்க்கிறேன். நான் “மின்தடை” என்று தலைப்பிட்டிருந்ததை மக்கள் “கரண்ட் கட்” என்று தேடியிருந்தார்கள். “குடிநீர்” என்று எழுதியதை ஆங்கில எழுத்துகளில் “தண்ணி” என்று தட்டியிருந்தார்கள். அப்படிப்பட்ட சொற்களை அந்தந்தப் பதிவின் அடியில் “இப்படியும் தேடுவார்கள்” என்று ஒரு வரியாகச் சேர்த்துவிடுகிறேன். போன வாரம் அழுத்தப்படாமல் நின்றவை பதினொன்று. இந்த வாரம் நான்கு. அவற்றில் ஒன்று “தீ”. தேடலுக்குக் குறைந்தது மூன்று குறிகள் வேண்டும் என்ற அமைப்பை இன்று மாலை இரண்டாக்க வேண்டும்.